சிவபாலன் அண்ணனின் திங்கட்கிழமை

எந்தக் குற்றமும் செய்யாத, எந்த வழக்கிலும் பெயர் இல்லாத ஒரு மனுஷன் வாரா வாரம் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். அப்படி ஒருவரோடு ஒரே வீட்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தேன். பெயர் சிவபாலன். கிளிநொச்சிக்காரர். மெல்பர்னில் கிரான்பர்ன் பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, அதில் ஓர் அறையை எனக்குக் கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை அவருக்கு வேலை கிடையாது. காலையில் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புவார். கோயிலுக்குப் போகிறவன்கூட அவ்வளவு சிரத்தையாகக் கிளம்ப மாட்டான். எனக்குப் பார்க்கும்போதே பற்றிக்கொண்டு வரும். அதற்குக் காரணம் இருந்தது, சொல்கிறேன்.

அண்ணன் 2012-இல் படகில் வந்தவர். கிறிஸ்மஸ் தீவில் கொஞ்ச காலம், சிட்னி வில்லாவுட் முகாமில் கொஞ்ச காலம் என்று அடைத்து வைத்திருந்துவிட்டு, பிரிட்ஜிங் விசா கொடுத்து வெளியே விட்டார்கள். முடிவு தெரிகிறவரைக்கும் இருந்துகொள் என்கிற தற்காலிக விசா அது. அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மேல்முறையீடும் தோற்றுப்போயிற்று. இன்னும் ஏதோ ஒரு மனு எங்கேயோ ஒரு மேஜையில் கிடக்கிறது. மனைவி சிவனேஸ்வரியும் மகள் வினுஷாவும் கிளிநொச்சியில். அப்பா கிளம்பியபோது மகள் மழலை பேசிக்கொண்டிருந்தாள். இப்போது ஓ.எல். என்கிற பள்ளிப் பொதுப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

அந்த விசாவைக் கொடுக்கும்போது ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு போலீஸ் வழக்கு பதிவானால் போதும், தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே விசாவை ரத்து செய்துவிட்டு முகாமில் போடலாம். அண்ணன் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒரு வண்டிகூட வராத தெருவிலும் பச்சை விளக்கு வருகிறவரை நிற்பார். சைக்கிள் ஓட்டினால் ஹெல்மெட் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதே போட்டிருப்பார். ஒரு தடவை தமிழ்க் கடைக்குள் ஹெல்மெட்டோடு நின்று தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணை, தேங்காய் தலையில விழாது, கழட்டுங்கோ" என்றார்.

வேலை, காய்கறிப் பண்ணையில். லீக்ஸ் என்கிற தடித்த வெங்காயத்தாளைப் பிடுங்குவது, கழுவுவது, கட்டுவது. குளிர்காலத்தில் முழங்கால்வரை சேறும் விரல் மரத்துப்போகும் தண்ணீருமாக நிற்க வேண்டும். வரும்போது கழித்துப் போட்ட லீக்ஸைப் பை நிறையக் கொண்டுவந்து வறை செய்வார். நான் அதைப் பொரியல் என்பேன். பொரியல் என்றால் எண்ணெயில் பொரித்தது, இது வறை என்பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சண்டை உண்டு. சண்டை முடிந்ததும் எனக்கு ஒரு தட்டு வந்துவிடும். நான் உண்மையைச் சொல்கிறேன், அந்த வறையைச் சாப்பிட்டுத்தான் நான் அந்த ஊரில் உடம்போடு இருந்தேன்.

இனி என் கதை. நான் பிரசன்னா. திருச்சி, உறையூர். மேல்படிப்புக்குப் போனேன், முடித்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். அவர்கள் எனக்கு விசா ஸ்பான்சர் செய்தார்கள், அப்புறம் கம்பெனியையே மூடிவிட்டார்கள். வேறு கம்பெனி தேடுவதற்குள் கொடுத்த அவகாசம் தீர்ந்தது. விசா முடிந்தது. அடுத்த விமானத்தில் கிளம்பியிருக்கலாம். ஆனால் அம்மா தெருவெல்லாம் "எம் புள்ள ஆஸ்திரேலியாவுல செட்டிலாயிட்டான்" என்று சொல்லி வைத்திருந்தாள். இதோ அடுத்த மாதம் வழி பிறக்கும் என்று தள்ளித் தள்ளி ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. டாண்டினாங்கில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு, விசா இல்லாதவனாக இருந்தேன்.

அந்த ஊர்ப் போலீஸுக்கு விசா பார்ப்பது வேலை இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது மத்திய அரசு இமிகிரேஷன்காரர்கள் வேலை. மாநிலப் போலீஸ் திருட்டையும் அடிதடியையும் பார்க்கும். ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. விசா இல்லாதவன் என்று ஒரு போலீஸ்காரருக்குத் தெரிந்துவிட்டால், அல்லது நியாயமான சந்தேகம் வந்துவிட்டால், அவர் பிடித்து வைத்தாக வேண்டும். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்கச் சட்டத்தில் இடமில்லை. இதை நான் இணையத்தில் தேடித் தேடிப் படித்து மனப்பாடமாக வைத்திருந்தேன். பிடிபடக் கூடாது. விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றி, அம்மா அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாமல் செய்துவிடக் கூடாது. அந்த ஒன்றரை வருஷமும் என் நினைப்பெல்லாம் இது ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில், என்னோடு குடியிருக்கிற மனுஷன் வாரா வாரம் போலீஸ்காரர்களோடு குசலம் விசாரித்துவிட்டு வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமா போவும், அங்க போறத நிறுத்துங்க. நீங்க கையெழுத்துப் போடணும்னு யாருமே சொல்லல."

"ஓம் தம்பி."

"ஓம்னுட்டு அடுத்த வாரமும் போறீங்களே! நம்ம வீட்டு அட்ரஸ் வேற குடுத்து வெச்சிருக்கீங்க."

"கேட்டவை தம்பி. பொய் சொல்லலாமே?"

அவரோடு சண்டை போடவும் முடியாது. தலையணையைக் குத்துகிற மாதிரிதான்.

இந்தக் கையெழுத்துப் பழக்கம் ஊரிலேயே ஒட்டிக்கொண்டது. போர் முடிந்ததும் அண்ணனைப் புனர்வாழ்வு முகாம் என்ற பெயரில் இராணுவம் அடைத்து வைத்திருந்தது. வெளியே விட்ட பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே திங்கட்கிழமை அவருடைய முறை. ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டார். "அண்டைக்குப் பின்னேரமே ஜீப் வந்திட்டுது, தம்பி" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. லீக்ஸைக் கட்டும்போது மற்ற விரல்களால்தான் சமாளிப்பார்.

கிரான்பர்னுக்கு வந்த முதல் திங்கட்கிழமையே அருகிலிருந்த ஸ்டேஷனை விசாரித்துக்கொண்டு போயிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் டெஸ்பினா என்கிற கிரேக்க வம்சாவளிப் பெண் போலீஸ். ஜாமீனில் இருக்கிறவர்கள் வந்து கையெழுத்துப் போடுவது அந்த ஊரிலும் உண்டு. அதனால் அவர் கம்ப்யூட்டரில் இவர் பெயரைத் தேடினார். இல்லை. நீங்கள் வர வேண்டியதில்லை, போகலாம் என்றார். இவர் போகவில்லை, அப்படியே நின்றார். தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தமிழிலும் சொல்ல வைத்தார்கள். "ஓம்" என்றார், நின்றார். கடைசியில் டெஸ்பினா ஒரு வெற்றுத் தாளைக் கிழித்து நீட்ட, அதில் கையெழுத்துப் போட்டு, கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமையும் போனார். அதற்கடுத்த திங்கட்கிழமையும்.

போகப் போகத் தாள் நின்றுபோயிற்று. கவுண்டர் முன்னால் போய் நிற்பார், அவர்கள் "ஹாய் சிவா" என்பார்கள், இவர் "குட் மார்னிங் மிஸ்" என்பார், வந்துவிடுவார். டெஸ்பினா இடையில் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போனார், பதவி உயர்ந்து திரும்பி வந்தார். இவர் அப்போதும் போய்க்கொண்டிருந்தார். இதையெல்லாம் டெஸ்பினாவே பிறகு என்னிடம் சொன்னார்.

போன ஜூன் மாதம். நல்ல குளிர். அண்ணனுக்கு இருமலும் காய்ச்சலும். டாக்டரிடம் போகச் சொன்னால், மெடிகேர் என்கிற அரசு மருத்துவ அட்டை காலாவதியாகிவிட்டதாம், புது விசாக் கடிதம் வந்தால்தான் புதுப்பிக்கலாமாம். கொத்தமல்லி அவித்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு, "இது ஒண்டும் இல்லைத் தம்பி, சும்மா தடிமன்" என்று சமாளித்தார். ஞாயிற்றுக்கிழமையும் பண்ணைக்குப் போனார். வேலைக்குப் போகாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

திங்கட்கிழமை நான் நன்றாக விடிந்த பிறகும் தூங்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் வழக்கம்போல ஸ்டேஷனுக்குப் போயிருப்பார் என்று நினைப்பு. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நம் ஆட்கள் தட்டுகிற மாதிரி இல்லை. திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். வாசலில் ஒரு போலீஸ் வண்டி. இரண்டு பேர் சீருடையில்.

இந்தத் தருணத்துக்காக நான் எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பின்கதவு, கொல்லைப்புற வேலியில் ஒரு பலகை கழன்ற இடம், அதற்கு அப்பால் ஓடைக்கரைப் புதர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்தேன். வாய்க்குள் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன். "போய்ப் போய் வீட்டக் காட்டிக் குடுத்தீங்கல்ல, வந்துட்டாங்க பாருங்க."

வெளியே பெண் குரல். "சிவா! டெஸ்பினா. வீட்டில் இருக்கிறீர்களா? காலையில் வரவில்லையே, ஏதாவது பிரச்சினையா?"

நடையில் அண்ணனின் சைக்கிள் நின்றது. ஹெல்மெட் அதன் மேலேயே தொங்கியது. அவர் போகவே இல்லை. அவர் அறைக் கதவைத் தள்ளினேன். கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். மூச்சு களகளவென்று சத்தம் போட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. உலுக்கினேன், கண் திறந்தது, ஆனால் என்னை யாரென்று தெரியவில்லை.

ஒரு பக்கம் பின்கதவு. ஒரு பக்கம் வாசல் கதவு. நான் பெரிய தியாகி மாதிரி எதையும் யோசிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஓடிப்போய் வெளியிலிருந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் என்ன என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

கதவைத் திறந்தேன்.

"உள்ளே," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

இருவரும் என்னைத் தாண்டி ஓடினார்கள். டெஸ்பினா அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, காதருகில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கூட வந்த இளம் போலீஸ்காரர் ரேடியோவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கூப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து என் பக்கம் திரும்பினார். "உங்கள் பெயர்? அடையாள அட்டை ஏதாவது இருக்கிறதா?"

நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. காக்கியைக் கண்டால் கேட்டதற்கும் பதில், கேட்காததற்கும் பதில். ஒன்றரை வருஷமாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பிவிட்டது. "சார், என் கம்பெனி மூடிவிட்டது சார், நான் வேண்டுமென்று செய்யவில்லை, என் விசா..."

"நிறுத்துங்கள்."

டெஸ்பினாதான். அண்ணனின் தலையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆனால் வகுப்பில் டீச்சர் பேசுகிற மாதிரி அழுத்தம். "நான் சிவாவைப் பார்க்க வந்தேன். உங்களைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் ஒன்றைச் சொன்னால் அது எனக்குத் தெரிந்ததாகிவிடும். தெரிந்த பிறகு நான் சும்மா இருக்க முடியாது. அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இவருக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல்? என்ன மருந்து சாப்பிடுகிறார்?"

இளம் போலீஸ்காரர் குறிப்பேட்டை மூடினார். "வீட்டில் இருந்த நண்பர் கதவைத் திறந்தார், அவ்வளவு போதும்," என்று அவரிடம் டெஸ்பினா சொன்னார்.

கொத்தமல்லித் தண்ணீரைத் தவிர மருந்து ஒன்றும் இல்லை என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஆக்ஸிஜன் மாட்டி அண்ணனைத் தூக்கிப் போனார்கள். டெஸ்பினா போகும் முன் சமையலறைக்குப் போய், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தை நகர்த்தி ஒரு சின்ன அட்டையைச் செருகினார். இலவச சட்ட உதவி மையம் ஒன்றின் அட்டை. என்னைப் பார்க்காமலே, யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னார்: "இவர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நாமாகப் போய் நிற்பது ஒரு விதம், பிறர் வந்து பிடிப்பது வேறு விதம்." அவருக்கு ஒன்றுமே புரியவில்லை என்று நான் இன்றுவரை நம்பவில்லை. ஆனால் கேட்காமல் போனார். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

அண்ணனுக்கு நுரையீரலில் கடும் நிமோனியா. இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை. கண் விழித்துப் பேச்சு வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இண்டைக்கு என்ன கிழமை?"

"புதன்."

எழுந்து உட்காரப் பார்த்தார். "ஐயோ, திங்கள் போகேல்லையே!"

"நீங்க போகல, அவங்க வந்தாங்க," என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து தலையணையில் இறங்கியது. துடைக்கவும் கை வரவில்லை, ஊசி குத்தியிருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

பிறகு வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். நான்தான் போனைக் காதில் பிடித்தேன். "சிவனேசு, எனக்கு ஒண்டும் இல்லை. நான் ஆஸ்பத்திரியில. நான் சைன் வைக்கப் போகேல்லை எண்டு பொலிஸ் வீட்டை வந்தது..." என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு அலறல். அதோடு போன் வைக்கப்பட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பாரிஸிலிருந்து மைத்துனர், லண்டனிலிருந்து ஒரு சித்தி, கனடாவிலிருந்து யாரென்றே எனக்குத் தெரியாத ஒருவர் என்று வரிசையாக அழைத்து, "ஆளை எங்க கொண்டுபோட்டினம்? அடிச்சவங்களே?" என்று என்னைப் போட்டு உலுக்கினார்கள். நர்ஸ் என்னை முறைத்தார். திரும்பவும் சிவனேஸ்வரி அக்காவைப் பிடித்து, போனை நானே வாங்கிப் பேசினேன். "அக்கா, நான் பிரசன்னா, அண்ணனோட வீட்ல இருக்கேன். போலீஸ் அடிக்க வரலக்கா. காப்பாத்த வந்தாங்க. அவங்க வரலைன்னா அண்ணன் இல்ல."

"காப்பாத்தவோ?" என்று அக்கா கேட்டார். "பொலிஸோ, தம்பி?"

"ஆமாக்கா. போலீஸ்தான்."

"அந்தப் பிள்ளையின்ர பேர் என்ன தம்பி? கோயில்ல ஒரு அர்ச்சனை செய்ய வேணும்."

டெஸ்பினா என்று சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். கிளிநொச்சியில் டெஸ்பினா என்ற பெயருக்கு எந்த நட்சத்திரத்தில் அர்ச்சனை நடந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் நடந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்கு ஒன்று உறைத்தது. என்னைப் பிடித்து அனுப்பினால் உறையூருக்கு அனுப்புவார்கள். அவமானம்தான். ஆனாலும் அம்மா திட்டிக்கொண்டே தோசை ஊற்றுவாள். இந்த மனுஷனை அனுப்பினால் அந்த ஜீப் வருகிற தெருவுக்கு அனுப்புவார்கள். இரண்டு பேரும் ஒரே பயத்தில் இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு அபத்தம். எனக்குப் போக ஒரு வீடு இருந்தது. ஊரார் வாய்க்குப் பயந்து நான் ஒளிந்திருந்தேன்.

அட்டையை எடுத்துக்கொண்டு சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த வழக்கறிஞர் யாமினி, ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த பெண், தமிழில் கேட்பார், ஆங்கிலத்தில் பதில் சொல்வார். எல்லாவற்றையும் கொட்டினேன். அதட்டவில்லை. இங்கேயே இருக்க வழி தேடினால் வருஷக்கணக்கில் இழுக்கும், முடிவு பெரும்பாலும் பாதகமாகத்தான் வரும். நீங்களாகப் போனால் கௌரவமாகப் போகலாம், சில வருஷம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கவும் கதவு இருக்கும் என்று பூசி மெழுகாமல் சொன்னார். அவரே பேசி ஏற்பாடு செய்ததில், இமிகிரேஷன் அலுவலகத்தில் ஒரு விசா கொடுத்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் கையில் ஒரு விசா. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கான விசா! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ரயிலில் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் போனில் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "எப்ப வர்ற? எத்தன மணிக்கு?" என்று கேட்டாள். இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன் என்று எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அண்ணன் தேறி வீட்டுக்கு வந்தார். பண்ணையில் இடம் போகவில்லை. நான் கிளம்புகிற வாரத்துத் திங்கட்கிழமை, அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, நானும் வர்றேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்து வைத்தார். "அப்ப நடந்து போவம்."

ஸ்டேஷனுக்குள் அண்ணன் பின்னாலேயே நுழைந்தேன். டெஸ்பினா கவுண்டரில் இருந்தார். அண்ணனிடம் மூச்சு எப்படி இருக்கிறது, மாத்திரையை முடித்தாரா என்று விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்போது உங்கள் பெயரைக் கேட்கலாமா?" என்றார். நான் விசாக் கடிதத்தை கவுண்டர்மேல் விரித்து வைத்து, பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கடிதத்தைப் படிக்கவில்லை, கை நீட்டினார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தயார் செய்து போயிருந்தேன். அதையெல்லாம் மறந்து கும்பிட்டேன். அண்ணன் முதன்முதலாக வந்து நின்ற நாளிலிருந்து எல்லாவற்றையும் அவர் அப்போதுதான் எனக்குச் சொன்னார்.

திரும்பும் வழியில் அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கையெழுத்து வேணாம்னு அவங்க தமிழ்ல ஆள் வெச்சே சொல்லியும் உங்களுக்குப் புரியலையா?"

அவர் சிரித்தார். "முதல் மாதமே விளங்கிட்டுது, தம்பி."

"அப்புறம் ஏன் போனீங்க?"

சிவப்பு விளக்கு. வண்டி எதுவும் வரவில்லை. நின்றோம்.

"அங்க நான் போகாட்டி அடிக்கத் தேடி வருவினம். இஞ்ச வந்தாப் பிறகு, நான் செத்துக் கிடந்தாலும் தேடி வர ஒருத்தரும் இல்லை. பண்ணையில ஒரு ஆள் வரேல்லை எண்டா வேற ஆளைப் போடுவினம். இமிகிரேஷனுக்கு நான் ஒரு நம்பர். அதுதான் யோசிச்சன். கிழமைக்கு ஒருக்கா நான் உயிரோட இருக்கிறன் எண்டு ஒருத்தருக்காவது தெரியட்டும். வேற ஆரைத் தெரியும் எனக்கு? அந்தப் பிள்ளையைத்தான் தெரியும்."

பச்சை விழுந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர்தான் என் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தார். அவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, அவர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவரைப் பைத்தியக்காரர் என்று நினைத்திருந்தேன். அந்த மூச்சு நிற்கப் போன காலையில் நான் அடுத்த அறையில்தான் தூங்கினேன். அவரைத் தேடி வந்தது ஸ்டேஷனில் இருந்த ஒரு பெண்.

விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பினார். யாரும் எனக்கு விலங்கு மாட்டவில்லை. என் பெட்டியை நானே தள்ளிக்கொண்டு போனேன். அதில் பாதி இடத்தை அவர் சுட்டுக் கொடுத்த பயற்றம் பணியாரம் அடைத்திருந்தது.

இப்போது திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அண்ணனுக்கு இன்னும் முடிவு வரவில்லை. நான் வந்து சேர்ந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை அவருக்குப் போன் செய்தேன்.

"போயிட்டு வந்தாச்சாண்ணே?"

"ஓம் தம்பி, இப்பதான் வாறன். உங்களைக் கேட்டவா."

"யாரு?"

"டெஸ்பினா மிஸ். பிரசன்னா எங்க, சுகமாப் போய்ச் சேர்ந்திட்டாரோ எண்டு கேட்டவா. எனக்கு நீங்கள் போன் எடுக்கேல்லையே, தெரியாது எண்டன். கேட்டு வந்து சொல்லச் சொன்னவா."

ஒன்றரை வருஷம் நான் பயந்ததெல்லாம் போலீஸ் என்னைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான். கேட்டுவிட்டார்கள்.

"வந்து சேர்ந்துட்டான், நல்லா இருக்கான்னு சொல்லுங்கண்ணே," என்றேன். "மறக்காம சொல்லுங்க."

"வாற திங்கள் சொல்லுறன், தம்பி."